சுவரில்லாத கல்லறை

ஷிராஸ் நகரில் ஹாஃபிஸின் நினைவிடத்துக்கு வழி கேட்க வேண்டியதில்லை. வாடகைக் காரில் ஏறி அந்த ஒரு பெயரைச் சொன்னால் போதும். எனக்கு வாய்த்த ஓட்டுநர் பெயரைக் கேட்டதுமே கவிதை சொல்லத் தொடங்கிவிட்டார். பாரசீக மொழியில் எனக்குத் தெரிந்தவை பத்துப் பதினைந்து சொற்களே. ஆயினும், ஒரு கையால் தாளம் போட்டபடி அவர் சொல்லிக்கொண்டு வந்தது கஸல் என்பது மட்டும் விளங்கியது. ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் மறைந்த ஒரு கவிஞரைப் பள்ளிப் பாடத்துக்கு வெளியே இப்படி நாவில் வைத்திருக்கும் ஊரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அது இளவேனிற் காலம். நாரத்தை மரங்கள் பூத்து நகரமே மணந்துகொண்டிருந்தது. அந்தக் கனியை அவர்கள் நாரஞ்ச் என்கிறார்கள். நம் நாரத்தையும் அதுவும் உறவுச் சொற்கள் என்று சொல்லாய்வாளர்கள் கருதுகின்றனர். ஷிராஸுக்கு வரும் அயல்நாட்டார் பலரும் பெர்சிபோலிஸின் இடிபாடுகளைக் காணவே வருகின்றனர். ஈரானியர்களோ முதலில் செல்வது இந்தத் தோட்டத்துக்குத்தான்.

நுழைவாயிலருகே ஒருவர் சிறு பெட்டியுடன் நின்றிருந்தார். பெட்டியின் விளிம்பில் ஒரு மஞ்சள் குருவி. பெட்டிக்குள் வரிசையாக அடுக்கிய வண்ண உறைகள். காசு கொடுத்தால் குருவி அலகால் ஓர் உறையை இழுத்துத் தருகிறது. உள்ளே ஹாஃபிஸின் கவிதை அச்சிட்ட சீட்டு இருக்கும். மனத்தில் நினைத்த காரியத்துக்கு அதுவே விடை. கிளி சோதிடம் பார்த்து வளர்ந்த எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால், இந்த வழக்கத்துக்குத் தெருவோரக் குருவி மட்டுமே ஆதாரம் அன்று. ஆண்டின் மிக நீண்ட இரவாகிய யல்தா இரவில் குடும்பத்தினர் கூடியமர்ந்து, ஹாஃபிஸின் கவிதைத் தொகுப்பைக் கண்மூடித் திறந்து, அகப்பட்ட பக்கத்தை வாசித்துப் பலன் காண்கிறார்கள். திருமுறை ஏட்டில் கயிறு சாத்திப் பார்க்கும் சைவ மரபை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. நானும் ஓர் உறையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

உள்ளே இரண்டு தோட்டங்கள். நடுவே இருபது தூண்கள் கொண்ட நீண்ட மண்டபம். அதைக் கடந்தால் வட்டமாக ஐந்து படிகள். அவற்றின்மேல் ஏறத்தாழ பத்து மீட்டர் உயரமுள்ள எட்டுத் தூண்கள் ஒரு செப்புக் கூரையைத் தாங்கி நிற்கின்றன. அக்கூரையின் வடிவம் துறவிகள் அணியும் தொப்பியைப் போன்றது. அதன் உட்புறம் முழுவதும் வண்ண ஓட்டுச் சித்திர வேலை. கீழே, கவிதை பொறித்த வெண்கல் பலகையின் அடியில் ஹாஃபிஸ் உறங்குகிறார். சுவர் இல்லை, கதவு இல்லை. எந்தத் திசையிலிருந்தும் படியேறி வந்து கல்லைத் தொடலாம்.

அப்படித்தான் தொட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு முதியவர் இரண்டு விரல்களைக் கல்லின்மேல் ஊன்றி, கண்களை மூடிக் குர்ஆனின் முதல் அத்தியாயத்தை ஓதினார். அவருக்கு எதிரே, மாணவர்களைப் போல் தோன்றிய ஓர் இளைஞனும் இளம்பெண்ணும் கைபேசியில் கவிதையைத் தேடி மெல்லிய குரலில் வாசித்தனர். அப்பெண்ணின் தலைத்துணி தோளுக்கு நழுவியிருந்தது. அவள் அதைச் சரிசெய்யவில்லை. முதியவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அந்த ஒரு சதுரக் கல்லைச் சுற்றி இருவருக்கும் இடமிருந்தது.

ஹாஃபிஸ் என்பது இயற்பெயர் அன்று. குர்ஆன் முழுவதையும் மனனம் செய்தவர் என்பது அதன் பொருள். ஷம்சுத்தீன் முகம்மது என்னும் பெயர் கொண்ட அவர் 1315-க்கும் 1325-க்கும் இடைப்பட்ட ஓராண்டில் ஷிராஸில் பிறந்தார். தந்தையை இளமையிலேயே இழந்து, ரொட்டிக் கடையில் வேலை செய்து கல்வி கற்றார் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஏடு பெயர்த்தெழுதும் பணியும் செய்திருக்கிறார். டெல்லியில் வாழ்ந்த அமீர் குஸ்ரோவின் காவியங்களை அவர் தம் கைப்பட எழுதியது என்று கருதப்படும் 1355-ஆம் ஆண்டுப் பிரதி ஒன்று தாஷ்கண்டில் இருக்கிறது. குர்ஆனையும் அரபு இலக்கணத்தையும் துறைபோகக் கற்ற அறிஞராகவே அவருடைய ஊர் அவரை முதலில் அறிந்திருந்தது. மதுவையும் மதுக்கடையையும் பாடியவர் மதத்துக்கு வெளியே நின்று கல்லெறிந்தவர் என்று எண்ணிவிடக் கூடாது. உள்ளே இருந்தவர், உள்ளே நடப்பது இன்னதென்று தெரிந்தவர்.

அவர் வாழ்ந்த காலத்தில் ஷிராஸ் பலமுறை கை மாறியது. அவருடைய இளமையில் ஆண்ட அபூ இஸ்ஹாக் கலைகளிலும் கேளிக்கையிலும் திளைத்தவர், கவிஞர்களை ஆதரித்தவர். 1353-இல் முபாரிஸுத்தீன் என்னும் முஸஃபரி மரபு மன்னர் நகரைக் கைப்பற்றினார். சில ஆண்டுகளில் அபூ இஸ்ஹாக் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். புதிய மன்னர் மதுக்கடைகளை மூடினார், இசையை ஒடுக்கினார். குர்ஆன் ஓதிக்கொண்டிருக்கையில் குற்றவாளியைக் கொண்டுவந்தால், எழுந்து தம் கையாலேயே அவன் தலையை வெட்டிவிட்டு மீண்டும் வந்து ஓத அமர்வாராம். பழைய வரலாற்று நூல்கள் இதைத் தயக்கமின்றிப் பதிவு செய்கின்றன.

ஹாஃபிஸ் அம்மன்னரைப் பெயர் சொல்லித் தாக்கவில்லை. தாக்கியிருந்தால் கழுத்தில் தலை இருந்திராது. சந்தையில் எடைக்கல்லைச் சோதிப்பது முதல் மக்களின் ஒழுக்கத்தைக் கண்காணிப்பது வரை பொறுப்பு ஏற்ற முஹ்தஸிப் என்னும் அதிகாரியைத் தம் கவிதைகளில் மீண்டும் மீண்டும் வரவழைத்தார். அந்த முஹ்தஸிப் யார் என்பது ஊருக்குத் தெரியும். பகலில் அடுத்தவன் குடத்தை உடைத்து இரவில் தன் குடத்தைத் திறப்பவன், மேடையில் ஒன்று பேசித் தனிமையில் வேறொன்று செய்பவன், கந்தலாடையைக் காட்டிக் காணிக்கை வாங்கும் சூஃபி என அவர் பகடி செய்தவர்களின் வரிசை நீண்டது. சூஃபிகளின் சொற்களை எடுத்தே சூஃபிகளைச் சாடினார். அவருடைய அகராதியில் பாவங்களில் கொடியது குடிப்பது அன்று, பாசாங்கு. அதற்கு எதிர்நிலையில் அவர் நிறுத்திய மனிதன் ரிந்த். நற்பெயரைப் பற்றிக் கவலைப்படாத, உள்ளும் புறமும் ஒன்றாக உள்ள நாடோடிக் குடிகாரன். அக்காலத்தில் அது வசைச்சொல்.

முபாரிஸுத்தீனின் ஆட்சி ஐந்தாண்டுகளே நீடித்தது. 1358-இல் அவருடைய சொந்த மகன் ஷா ஷுஜாவே அவரைச் சிறைப்பிடித்துக் கண்களைக் குருடாக்கினார். மதுக்கடைகள் திறந்தன. கவிஞருக்கு நல்ல காலம் பிறந்தது என்று நினைக்கத் தோன்றும். பிறந்தது, சிறிது காலத்துக்கு மட்டும். ஷா ஷுஜா தாமும் கவிதை எழுதியவர். ஒரே கவிதையில் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறீர் என்று அவர் குறை சொன்னாராம். அந்தக் குறையோடுதான் தம் கவிதை உலகெங்கும் போகிறது, மற்றவர்களுடையது ஊர் வாயிலைத் தாண்டவில்லை என்று ஹாஃபிஸ் பதில் சொன்னாராம். அரசரிடம் இப்படிப் பேசினால் என்ன நடக்குமோ அது நடந்தது. மறுமை நாளைப் பற்றிய ஐயம் தொனிப்பதாக அவருடைய கவிதையடி ஒன்றைப் பிடித்துக்கொண்டு மதநிந்தனைக் குற்றம் சாட்ட முனைந்தனர். ஓர் அறிஞர் சொன்ன யோசனையின்படி, அந்த அடி ஒரு கிறிஸ்தவர் சொன்னது என்று பொருள்படும் இன்னோர் அடியை அதற்கு முன்னே சேர்த்து அவர் தப்பினார் என்கிறது வரலாறு. முழுக்க உண்மையா, சிறிது மெருகேறியதா என்று வாதிடலாம். ஆனால், கவிதை வரிக்குள் குற்றப்பத்திரிகை தேடும் கண்களுக்கு நடுவே அவர் எழுதினார் என்பது உண்மை.

சில காலம் ஷிராஸை விட்டு யஸ்த் நகரில் தங்கினார். அந்த ஊர் அவருக்குப் பிடிக்கவில்லை. மற்றபடி அவர் ஊரைப் பிரிந்ததே அரிது. முசல்லா தோட்டமும் ருக்னாபாத் ஓடையும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன. இந்தியாவுக்கு வந்திருக்க வேண்டியவர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. தக்காணத்தின் பாமினி சுல்தான் அவரைத் தம் அவைக்கு அழைத்து வழிச்செலவுக்குப் பணமும் அனுப்பினார். குல்பர்கா அப்போது தலைநகரம். ஹாஃபிஸ் அப்பணத்தில் ஒரு பகுதியைக் கடன் தீர்க்கவும் உறவினருக்குக் கொடுக்கவும் செலவழித்தார். எஞ்சியதை வழியில், கொள்ளையரிடம் பொருளிழந்து நின்ற ஒரு நண்பருக்குக் கொடுத்துவிட்டார். ஹார்முஸ் துறைமுகம் வரை வணிகர் இருவர் தயவில் வந்து சேர்ந்தார். கப்பலில் ஏறினார். புறப்படுமுன்னே புயல் அடித்தது. ஏதோ காரணம் சொல்லிக் கரையிறங்கி, சுல்தானுக்கு ஒரு கஸலை மட்டும் அனுப்பிவிட்டு வீடு திரும்பினார். இதைச் சொல்பவர் தக்காணத்தில் இருந்து எழுதிய வரலாற்றாசிரியர் ஃபெரிஷ்தா. கையில் வந்த பணத்தைப் பிறருக்குக் கொடுத்துவிட்டுக் கடலைக் கண்டு அஞ்சித் திரும்பிய இந்த மனிதர், தைமூருக்கு முன் நிமிர்ந்து நின்றதாகச் சொல்லப்படும் வீரரைவிட எனக்கு நெருக்கமானவர்.

அந்தத் தைமூர் கதையையும் சொல்லிவிட வேண்டும். தைமூரின் பெருமைக்குரிய இரு நகரங்களை ஹாஃபிஸ் ஒரு காதற்கவிதையில் போகிறபோக்கில் தானம் செய்துவிட்டார். 1387-இல் ஷிராஸுக்கு வந்த தைமூர் கவிஞரை அழைத்துக் கணக்குக் கேட்டார் என்பது கதை. அப்படி வாரிக் கொடுத்ததால்தான் இந்த வறுமை என்று கவிஞர் தம் கந்தலைக் காட்டினாராம். சந்திப்பு நிகழ்ந்ததற்கு உறுதியான சான்று இல்லை. அதே ஆண்டில் இஸ்ஃபஹானில் தைமூர் எழுப்பிய மண்டையோட்டுக் கோபுரங்களுக்குச் சான்று உண்டு. அவை எழுந்த நாள்களில் ஷிராஸில் காதலையும் ரோஜாவையும் ஒருவர் பாடிக்கொண்டிருந்தார் என்பதை நினைத்துக்கொண்டு படித்தால் அக்கவிதைகள் வேறு விதமாக ஒலிக்கும்.

1390-ஆம் ஆண்டு வாக்கில் அவர் மறைந்தார். ஏறத்தாழ ஐந்நூறு கஸல்களைத் தம் வாழ்நாளில் அவர் தொகுக்கவில்லை. பின்னர் மற்றவர்கள் தொகுத்தனர். ஜனாஸா தொழுகை நடத்த மதகுருக்கள் மறுத்தனர் என்றும், அவருடைய கவிதைகளைத் துண்டுச் சீட்டுகளாக்கி ஒரு குடத்தில் இட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொன்னபோது அவர் சுவர்க்கம் புகுவார் என்ற பொருள்படும் சீட்டு வந்தது என்றும் ஒரு கதை உண்டு. வாயிலில் நின்ற குருவியின் பூர்வீகம் அந்தக் கதைதான் போலும்.

அவர் பாடிய மது உண்மையான மதுவா, இறையன்பின் குறியீடா என்ற வழக்கு இன்றும் முடியவில்லை. புரட்சிக்கு முந்தைய ஈரானில் அகமது ஷாம்லு என்னும் பெருங்கவிஞர் அவரை நம்பிக்கையற்ற கலகக்காரராகக் கண்டு ஒரு பதிப்பு வெளியிட்டார். மார்க்க அறிஞர் முத்தஹரி அவரை முழுமையான ஞானியாகக் கண்டு மறுப்பு எழுதினார். பகுத்தறிவாளர் கஸ்ரவியோ இவ்விரண்டும் வேண்டாம் என்று, நாட்டைக் கெடுத்த சோம்பேறித் தத்துவம் என ஹாஃபிஸின் நூலைத் தீயிலிடச் சொன்னார். மது விற்பனையைத் தடை செய்த அரசை நிறுவிய கொமேனி மறைந்த பின்னர் வெளிவந்த அவருடைய கவிதைகளில் மதுக்கடையும் சாகியும் ஹாஃபிஸ் பாணியிலேயே நிறைந்திருந்தனர். இரண்டு பொருளும் இருக்கட்டும் என்றுதான் ஹாஃபிஸ் எழுதினார் என்பது என் எண்ணம். கோப்பை கோப்பையாகவும் இருந்தது, வேறொன்றாகவும் இருந்தது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள முயன்றவர்கள் யாவரும் மற்றொன்றை மறைக்க வேண்டியதாயிற்று.

கல்லறையின் வரலாறும் இந்த வழக்கின் ஒரு பகுதிதான். 1452-இல் தைமூரின் மரபைச் சேர்ந்த அபுல்காசிம் பாபர் காலத்தில் இங்கே முதல் குவிமாடம் எழுந்தது. 1773-இல் கரீம்கான் ஸந்த், நான்கு தூண்கள் கொண்ட மண்டபத்தையும் இன்றுள்ள கல் பலகையையும் அமைத்தார். அதன் பின்னர் நடந்ததைத்தான் நான் படிகளில் அமர்ந்து நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். 1899-இல் இந்தியாவிலிருந்து அர்தஷீர் என்னும் பார்சி வள்ளல் ஒருவர் கவிஞருக்கு நினைவகம் கட்ட முன்வந்தார். ஹாஃபிஸின் நூலைத் திறந்து பலன் பார்த்து, அது நல்லபடி அமைந்ததால் எடுத்துக்கொண்ட நேர்ச்சை அது. அனுமதி பெற்றுக் கட்டட வேலை தொடங்கியது. நகரின் செல்வாக்குமிக்க மார்க்க அறிஞர் அலி அக்பர் ஃபால் அசீரி, ஜொராஸ்டிரியர் ஒருவர் முஸ்லிமின் கல்லறையில் கட்டுவதா என்று கொதித்துத் தம் ஆதரவாளர்களுடன் வந்து, எழுந்துகொண்டிருந்த கட்டடத்தை இடித்துத் தள்ளினார். மீண்டும் கட்டுமாறு அரசு ஆணையிட்டது. அரசரே கட்டினாலும் இடிப்பேன் என்றார் அவர்.

ஃபால் அசீரியை வெறும் மதவெறியர் என்று சொல்லிக் கடந்துபோக முடியவில்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன், ஈரானின் புகையிலை வணிகம் முழுவதையும் ஓர் ஆங்கிலேயருக்கு ஷா தாரைவார்த்தபோது ஷிராஸில் எதிர்த்துக் கிளம்பி நாடு கடத்தப்பட்டவர் அவரே. அந்நியரின் ஆதிக்கத்தை எதிர்த்த அதே துணிவு, அந்நியரின் அன்பையும் எதிர்க்கத் துணிந்துவிட்டது. அர்தஷீர் அந்நியர்கூட அல்லர். ஹாஃபிஸ் தம் கவிதைகளில் மதுக்கடையின் ஞானியாக வைத்துப் போற்றிய மூத்தவர் ஜொராஸ்டிரியர்தாம். அவருடைய வழித்தோன்றல் ஒருவர் செங்கல்லோடு வந்தபோது திருப்பி அனுப்பினார்கள்.

இரண்டு ஆண்டுகள் இடிபாடாகக் கிடந்த இடத்தில் 1901-இல் இளவரசர் ஒருவர் இரும்புக் கிராதி அமைத்தார். 1932 ஏப்ரலில் ஷிராஸுக்கு வந்த ரவீந்திரநாத் தாகூர் கண்டது இந்த இரும்புக் கிராதியைத்தான். எழுபத்தொன்றை நெருங்கிய அவர், ரெஸா ஷாவின் அழைப்பில் வந்திருந்தார். அவருடைய தந்தை தேவேந்திரநாத் ஹாஃபிஸைக் கரைத்துக் குடித்தவர். இல்லத்தில் உபநிடதமும் ஹாஃபிஸும் சேர்ந்தே ஒலித்தன. ஹாஃபிஸின் நூல் முதன்முதலாக அச்சேறியதும் தாகூரின் ஊரில்தான், 1791-இல், கல்கத்தாவில். கல்லறையருகே காவலர் கொண்டுவந்த பெருநூலைத் திறக்குமுன், தாகூர் மனத்தில் ஒரு கேள்வியை நினைத்துக்கொண்டார். மதத்தின் பெயரால் கண்மூடிக் கிடக்கும் இந்தியாவுக்கு அதிலிருந்து விடுதலை உண்டா என்பது அவர் கேட்டது. நம்பிக்கை தரும் பக்கமே திறந்ததாக அவர் எழுதியிருக்கிறார்.

அவர் வந்து சென்ற மூன்றாண்டுகளில், 1935-இல், இன்றைய நினைவிடத்தின் பணி தொடங்கியது. வடிவமைத்தவர்கள் ஆந்த்ரே கொதார், மாக்சிம் சிரூ என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள். இந்த முறை யாரும் இடிக்க வரவில்லை. கரீம்கானின் நான்கு தூண்களை நடுவில் வைத்தே மண்டபத்தை இருபது தூண்களாக நீட்டினார்கள். கல்லறையைச் சுற்றியிருந்த கிராதி போயிற்று. அர்தஷீரின் பெயர் எங்கேனும் பொறித்திருக்கிறதா என்று தூண் தூணாகத் தேடினேன். என் கண்ணில் படவில்லை.

இருட்டியதும் விளக்குகள் எரிந்தன. கூட்டம் குறையவில்லை, கூடியது. பிள்ளைகள் படிகளில் ஓடி விளையாடினார்கள். யாரோ ஒலிபெருக்கியில் கஸல் ஒன்றைப் பாடவிட, முன்பின் அறியாதவர்கள் சேர்ந்து முணுமுணுத்தார்கள்.

விடுதிக்குத் திரும்பியபோதுதான் சட்டைப் பையிலிருந்த உறை நினைவுக்கு வந்தது. வரவேற்பு மேசையில் இருந்த இளைஞரிடம் நீட்டிப் பொருள் கேட்டேன். அவர் எழுந்து நின்று அதை வாசித்தார், முகம் மலர்ந்தது. பிறகு, நான் என்ன கேட்டேன் என்று கேட்டார். உறையை வாங்கியபோது எதையும் நினைத்துக்கொள்ளவில்லை என்றேன். அப்படியானால் இதில் சொல்ல ஒன்றுமில்லை என்று சீட்டை நான்காக மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.